கணினியை யார் உறங்கவைப்பது?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் அர்வைன் என்ற ஊரில் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே மேசைக் கணினிகள் எந்தெந்த நேரத்தில் என்ன நிலையில் இருக்கின்றன என்று ஆராய்ந்தவர்கள் 2014இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று மிக எளியது: நீங்கள் எழுந்து போய்விட்டால் உங்கள் கணினி தானாகவே உறக்க நிலைக்குப் போகும்படி அமைத்திருக்கிறீர்களா? நேரில் பார்க்கத் தேர்ந்தெடுத்த கணினிகளின் சொந்தக்காரர்களில் 100க்கு 84 பேர் ‘ஆம்’ என்றார்கள். பிறகு ஆய்வாளர்கள் அந்தக் கணினிகளின் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தார்கள். உண்மையிலேயே அப்படி அமைக்கப்பட்டிருந்தவை 100க்கு 20தான்.

பதில் சொன்னவர்கள் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. சில நிமிடங்களில் திரை இருண்டுவிடுகிறது. திரை இருண்டால் கணினியும் உறங்கிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் திரைக்கு ஓர் அமைப்பு, உள்ளே ஓடும் இயந்திரத்துக்கு வேறோர் அமைப்பு. திரை அணைந்த பிறகும் மேசைக்கடியில் இருக்கும் பெட்டி விடிய விடிய விழித்துக்கொண்டே இருக்கலாம். அதைப் பயன்படுத்துகிறவருக்கு அது தெரியவே தெரியாது.

பல்கலைக்கழக மாணவர்களிடம் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்த கணினிப் பழக்கங்களைக் கைக்கொள்ளத் தயாரா?’ என்று கேட்கும் ஆய்வுகள் பல நாடுகளிலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றுள் பலவும் உளவியலாளர் ஐசெக் அய்சென் 1985இல் முன்வைத்து 1991இல் விரிவாக எழுதிய கோட்பாட்டைத் துணைக்கொள்கின்றன. ஒரு செயலைச் செய்யவேண்டும் என்ற எண்ணம் மூன்றிலிருந்து பிறக்கிறது என்கிறார் அவர். அந்தச் செயல் நல்லது என்ற கருத்து ஒன்று. நம்மைச் சுற்றியிருப்பவர்கள் அதை எதிர்பார்க்கிறார்கள் என்ற உணர்வு இன்னொன்று. அது நம் கைக்குள் இருக்கிறது என்ற நம்பிக்கை மூன்றாவது. கேள்வித்தாளில் மாணவர்கள் ‘தயார்’ என்று குறியிடும்போது பெரும்பாலும் முதல் இரண்டையும்தான் சொல்கிறார்கள். மூன்றாவது அவர்களிடம் இல்லை.

எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். தாமஸ் வெப், பாஸ்கல் ஷீரன் என்ற இருவர் 2006இல் 47 சோதனைகளின் முடிவுகளை ஒன்றாகத் திரட்டினார்கள். மனிதர்களின் எண்ணத்தை நன்றாகவே மாற்ற முடிந்த இடங்களிலும் நடத்தை அதில் ஏறக்குறைய பாதி அளவே மாறியிருந்தது. இது உடற்பயிற்சி முதல் உணவுப் பழக்கம் வரை எல்லாவற்றுக்கும் பொருந்தும் பொதுக் கணக்கு. கணினியில் இந்த இடைவெளி இன்னும் அகலமாக இருப்பதற்குக் காரணம், செயலின் விளைவு கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது. திறந்த குழாயிலிருந்து தண்ணீர் வழிவதை யாரும் பார்க்கலாம். வேலையில்லாமல் ஓடும் கணினி எதையும் காட்டிக்கொடுப்பதில்லை.

அது எவ்வளவு தின்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கல்லூரி லேப் ஒன்றில் 60 சிஸ்டம் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சும்மா விழித்திருக்கும் மேசைக் கணினி, திரையைச் சேர்க்காமலே, சுமாராக 40 வாட் எடுக்கும். மாலை 6 மணிமுதல் மறுநாள் காலை 8 மணிவரை 14 மணி நேரம் அவை அப்படியே கிடந்தால் ஓர் இரவுக்கு 33 யூனிட்டுக்கு மேல் ஆகிறது. ஆண்டுக்கு 12,000 யூனிட்டைத் தாண்டும். நம் நாட்டில் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதால் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வெளியாகிறது. ஆக, யாரும் உட்காராத நேரத்தில் அந்த ஒரே ஓர் அறை ஆண்டுக்கு எட்டு டன்னுக்கு மேல் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. அதே 60 கணினிகள் உறக்க நிலையில் இருந்தால் ஓர் இரவுக்கு இரண்டு யூனிட்கூட ஆகாது.

இது கற்பனையான அறை. ஆனால் நிலவரம் கற்பனையல்ல. லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தினர் அமெரிக்காவில் பள்ளி, மருத்துவமனை, அலுவலகக் கட்டடங்களுக்குள் வேலை நேரம் முடிந்த பிறகு போய், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பார்த்து எண்ணினார்கள். 2006இல் வெளியான அந்த ஆய்வின்படி, அணைக்கப்பட்டிருந்த மேசைக் கணினிகள் 36 சதவீதமே. மீதமிருந்தவற்றில் உறக்க நிலையில் இருந்தவை மிகச் சொற்பம். உறக்க நிலை அன்றைக்குப் புதுமையாக இருந்ததும் இல்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1992இல் ‘எனர்ஜி ஸ்டார்’ முத்திரையைத் தொடங்கியபோது முதலில் அந்த முத்திரையைப் பெற்ற பொருள்களே கணினிகளும் திரைகளும்தான். வசதி கைக்கு வந்து 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

உறங்கும் கணினிக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் அந்த வசதி எவ்வளவு அருமையானது என்பது புரியும். கணினியின் தற்காலிக நினைவகத்தில் ஒவ்வொரு பிட்டும் நுண்ணிய மின்தேக்கி ஒன்றில் மின்னூட்டமாக இருக்கிறது. அந்த மின்தேக்கி ஓட்டைக் குடம். நிரப்பிய கணத்திலிருந்தே கசியத் தொடங்கிவிடும். அதனால் எல்லா வரிசைகளையும் 64 மில்லி நொடிக்கு ஒருமுறை படித்து மீண்டும் நிரப்பவேண்டும். நொடிக்குப் பதினைந்து முறைக்கு மேல். உறக்க நிலையில் செயலி நிற்கிறது, வட்டு நிற்கிறது, விசிறி நிற்கிறது. இந்த நிரப்பும் வேலை மட்டும் நிற்பதில்லை. நீங்கள் பாதியில் விட்ட கட்டுரை, திறந்து வைத்த பக்கங்கள் எல்லாம் இரண்டொரு வாட் மின்சாரத்தில் பத்திரமாக இருக்கின்றன. விசையைத் தொட்டால் சில நொடிகளில் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். இதைவிட மலிவான காவல் எங்கே கிடைக்கும்?

இன்னொரு வழியும் உண்டு. நினைவகத்தில் இருப்பதையெல்லாம் வட்டில் எழுதிவைத்துவிட்டு மின்சாரத்தை அடியோடு துண்டித்துவிடும் நிலை அது. மறுபடி எழும்ப இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். ஸ்க்ரீன் சேவர் இந்த இரண்டிலும் சேராது. பழைய குழாய்த் திரைகளில் ஒரே படம் நெடுநேரம் நின்றால் பாஸ்பர் பூச்சில் தழும்பு விழும். அதைத் தடுக்க வந்தது அது. இன்றைய திரைகளில் அது மின்சாரத்தை மிச்சப்படுத்துவதில்லை. திரையையும் கணினியையும் வேலை வாங்கிக்கொண்டேதான் இருக்கிறது. அடிக்கடி அணைத்து எழுப்பினால் சிஸ்டம் கெட்டுவிடும் என்று லேப்களில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இன்றைய கணினிகள் அன்றாடம் அணைத்து எழுப்புவதைத் தங்கள் ஆயுள் முழுதும் தாங்கும்படியே செய்யப்படுகின்றன.

கணிப்பதற்கு மின்சாரம் ஏன் வேண்டியிருக்கிறது என்பதே தனி அதிசயம். ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த இயற்பியலாளர் ரால்ஃப் லாண்டவர் 1961இல் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். ஒரு பிட் தகவலை அழித்தால் குறைந்தபட்சம் இவ்வளவு வெப்பம் வெளியேறியே தீரும். எவ்வளவு நுட்பமான இயந்திரமும் அதற்குக் கீழே போக முடியாது. அறை வெப்பநிலையில் அந்த அளவு என்ன தெரியுமா? ஒரு ஜூல் ஆற்றலை ஒரு கோடியால் வகுத்து, வந்ததை மறுபடி ஒரு கோடியால் வகுத்து, அதையும் சுமார் 35 லட்சத்தால் வகுத்தால் கிடைப்பது. 2012இல் பிரான்ஸின் லியோன் நகர ஆய்வாளர்கள் ஒற்றை நுண்துகளை லேசர் ஒளியில் பிடித்துவைத்து இந்த எல்லையைச் சோதனையிலேயே தொட்டுக்காட்டினார்கள். நம் கணினிகள் செலவழிப்பது இதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு. மறதிக்கு இயற்கை கேட்கும் விலை இவ்வளவு சிறியது என்றால், யாரும் இல்லாத அறையில் ஒரு பிட்கூடப் பயனாகக் கணிக்காமல் 60 இயந்திரங்கள் விழித்திருப்பது எத்தனை பெரிய வீண்!

ஆனாலும், எந்தப் பழக்கம் பெரியது, எது சிறியது என்று பார்க்காமல் மாணவர்களிடம் பட்டியல் நீட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. நல்ல மனமுள்ள ஓர் இளைஞரின் கவனம் அளவுக்கு உட்பட்டது. அதைச் சில்லறைக் காரியத்தில் செலவழிக்கச் சொல்வது அவருக்கும் நல்லதல்ல, பூமிக்கும் நல்லதல்ல.

‘நன்றி’ என்ற ஒற்றைச் சொல் மின்னஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் ஒவ்வொருவரும் நாளுக்கு அப்படியொரு மின்னஞ்சலைத் தவிர்த்தால் ஆண்டுக்கு 16,433 டன் கார்பன் மிச்சமாகும் என்று 2019இல் ஓர் எரிசக்தி நிறுவனம் கணக்குச் சொன்னது. உலகெங்கும் செய்தியாயிற்று. ஆனால் அந்த மின்னஞ்சலை அனுப்பாவிட்டாலும் உங்கள் மடிக்கணினி ஓடிக்கொண்டுதான் இருக்கும், ரவுட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கும், இடையிலுள்ள இணையக் கருவிகளும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வலையமைப்புக் கருவிகள் போக்குவரத்து குறைந்தாலும் கூடினாலும் ஏறக்குறைய அதே மின்சாரத்தைத்தான் எடுக்கின்றன. 2025 ஆகஸ்டில் இங்கிலாந்தில் வறட்சி வந்தபோது, தண்ணீரை மிச்சப்படுத்தப் பழைய மின்னஞ்சல்களை அழியுங்கள் என்று தேசிய வறட்சிக் குழுவின் அறிவிப்பிலேயே ஆலோசனை இருந்தது. வட்டில் அசையாமல் கிடக்கும் மின்னஞ்சலுக்குத் தேவைப்படும் குளிர்ச்சி மிகமிகச் சொற்பம். நன்றி சொல்ல நினைத்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.

காணொளி பார்ப்பது பற்றியும் ஒரு பெரிய எண் சுற்றியது. அரை மணி நேரம் பார்த்தால் 1.6 கிலோ கார்பன் என்று பிரான்ஸின் ‘ஷிஃப்ட் புராஜெக்ட்’ அமைப்பின் பெயரில் 2019இல் செய்தி பரவியது. பிட்டுக்கும் பைட்டுக்கும் இடையே ஏற்பட்ட குழப்பத்தில் அது எட்டு மடங்கு கூடிப்போயிருந்ததாகப் பின்னர் திருத்தம் வந்தது. சர்வதேச எரிசக்தி முகமையின் ஆய்வாளர் ஜார்ஜ் காமியா மீண்டும் கணக்கிட்டு, ஒரு மணி நேரத்துக்கு 36 கிராம் அளவில் என்றார். அதிலும் 72 சதவீதம் நாம் பார்க்கும் கருவிக்கே போகிறது. தரவு மையத்தின் பங்கு 5 சதவீதம்தான். 50 அங்குலத் தொலைக்காட்சி, செல்பேசியைப் போல் 100 மடங்கு மின்சாரம் எடுக்கும். ஹாஸ்டல் கட்டிலில் படுத்துச் செல்பேசியில் படம் பார்க்கும் மாணவர் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை. வேண்டுமானால் தலைக்கு மேலே சுற்றும் பழைய மின்விசிறியைப் பார்க்கலாம். அது 75 வாட். செல்பேசியை ஒருமுறை முழுதாக ஏற்ற ஒரு யூனிட்டில் சுமார் நாற்பதில் ஒரு பங்குதான் ஆகும். ஆளில்லாத அறையில் அந்த விசிறி 20 நிமிடம் சுற்றினால் அந்த மின்சாரம் போய்விடும்.

திரையைக் கறுப்பாக வைத்துக்கொள்வது இப்போது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. ஓலெட் திரைகளில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் கறுப்பான இடத்தில் மின்சாரம் மிச்சமாவது உண்மைதான். 2021இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தினர் அளந்தார்கள். திரை முழு வெளிச்சத்தில் இருந்தால் 39 முதல் 47 சதவீதம்வரை மிச்சம். நாம் வழக்கமாக வைத்திருக்கும் 30 முதல் 50 சதவீத வெளிச்சத்தில் 3 முதல் 9 சதவீதம்தான். பின்னாலிருந்து விளக்கெரியும் எல்சிடி திரையில் இதனால் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடைப்பதில்லை. வெளிச்சத்தைக் குறைப்பதே எல்லாத் திரைக்கும் பொருந்தும் வழி.

செயற்கை நுண்ணறிவிடம் கேள்வி கேட்பது? கூகுள் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட கணக்கின்படி, ஜெமினியிடம் எழுத்தில் கேட்கும் நடுத்தரக் கேள்வி ஒன்றுக்கு 0.24 வாட்-மணி ஆகிறது. ஒரு யூனிட்டுக்கு நாலாயிரம் கேள்விகள். தனியாகப் பார்த்தால் சின்ன எண். ஆனால் 1865இலேயே இங்கிலாந்தின் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் நிலக்கரியைப் பற்றி எச்சரித்திருந்தார்: இயந்திரம் சிக்கனமானால் எரிபொருள் மிச்சமாகாது, பயன்பாடு பெருகி மொத்தச் செலவு கூடும் என்று. உலகத் தரவு மையங்கள் 2024இல் எடுத்துக்கொண்ட மின்சாரம் 415 டெராவாட்-மணி. உலக மின்சாரத்தில் ஒன்றரை சதவீதம். 2030இல் அது 945 அளவுக்கு இரட்டிப்பாகும் என்று சர்வதேச எரிசக்தி முகமை எதிர்பார்க்கிறது. ஒரு மாணவர் கேள்வி கேட்பதை நிறுத்துவதால் இது மாறாது. தரவு மையங்களுக்கு எந்த மின்சாரம், எவரிடமிருந்து போகிறது என்பதால்தான் மாறும். அது அரசியல் கேள்வி. மாணவர்கள் அதையும் கேட்கலாம்.

சரி, மாணவர் கையிலுள்ள பெரிய காரியம் எது? கருவியை நெடுநாள் வைத்திருப்பது. இதில்தான் எனக்கு மிகுந்த வியப்பும் கவலையும்.

2002இல் டோக்கியோவிலிருந்த ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் எரிக் வில்லியம்ஸும் அவருடைய தோழர்களும் ஒரு நினைவகச் சில்லை எடுத்து அதன் பிறப்பைப் பின்தொடர்ந்தார்கள். அதன் எடை 2 கிராம். அதைச் செய்து பயன்படுத்தத் தேவைப்பட்ட எரிபொருள் 1,600 கிராம். ரசாயனங்கள் 72 கிராம். தண்ணீர் 32 கிலோ. காரணம், அதன் ஒழுங்கு. மணலிலிருந்து வரும் சிலிக்கானைக் கோடிக்கணக்கான அணுக்களில் ஓர் அந்நிய அணுகூட இல்லாத அளவுக்குத் தூய்மைப்படுத்த வேண்டும். தூசி அண்டாத அறைகளில் நூற்றுக்கணக்கான படிகளில் அதன் மேல் கோலம் பொறிக்க வேண்டும். சிதறிக் கிடந்த பொருளை இவ்வளவு கச்சிதமாக ஒழுங்குபடுத்த இயற்கை பெரிய விலை கேட்கிறது. இன்றைய மடிக்கணினி ஒன்றின் உற்பத்தியில் மட்டும் 200 முதல் 300 கிலோ கார்பன் வெளியேறுவதாகத் தயாரிப்பாளர்களின் அறிக்கைகளே சொல்கின்றன. பொத்தானை முதன்முறை அழுத்தும் முன்பே அந்தக் கடன் ஏறிவிடுகிறது.

250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 6 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள், 30 வாட் வீதம் ஓட்டினால் 54 யூனிட். நம் நாட்டுக் கணக்கில் 38 கிலோ கார்பன். நான்காண்டில் தூக்கிப்போட்டால் உற்பத்திக் கடன் ஆண்டுக்கு 62 கிலோவாகப் பங்காகிறது. எட்டாண்டு வைத்திருந்தால் 31 கிலோ. ஆண்டு முழுதும் மடிக்கணினியைத் திறக்காமலே இருந்தால் என்ன மிச்சமாகுமோ, அதற்குப் பக்கத்தில் வருகிறது, கூடுதலாக நாலாண்டு வைத்திருப்பதால் மட்டும் கிடைக்கும் மிச்சம்.

தூக்கிப்போட்டவை எங்கே போகின்றன? 2022இல் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவை உண்டாக்கியது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம். மீதியில் ஒரு பகுதி, பாதுகாப்பு உறையில்லாத கைகளால் அமிலத்தில் முக்கப்பட்டும் திறந்தவெளியில் எரிக்கப்பட்டும் செம்பாகவும் பொன்னாகவும் பிரிக்கப்படுகிறது. ஈயமும் பாதரசமும் அந்தக் கைகளுக்கும் அந்த மண்ணுக்கும் மிஞ்சுகின்றன.

நல்ல நிலையிலுள்ள கணினி மென்பொருளாலும் குப்பையாகிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 கேட்கும் வன்பொருள் இல்லாத காரணத்தால் 24 கோடிக் கணினிகள் பயனற்றவையாக ஒதுக்கப்படக்கூடும் என்று கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் முன்பே மதிப்பிட்டிருந்தது. அவற்றில் லினக்ஸ் நிறுவினால் இன்னும் பல ஆண்டு ஓடும். மென்பொருளின் இந்தப் பங்கை ஜெர்மனி முறையாக அங்கீகரித்தது: ‘ப்ளூ ஏஞ்சல்’ என்ற அதன் சூழல் முத்திரையை 2022இல் முதன்முதலாகப் பெற்ற மென்பொருள், பழைய கணினியிலும் ஓடும் ‘ஓகுலர்’ என்ற இலவசக் கோப்பு வாசிப்பான்.

இனி, மனம் இருந்தும் நடக்காத காரியத்தை நடக்கவைப்பது எப்படி என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு நல்ல விடைகள் உண்டு; அவை பல்கலைக்கழகங்களிலிருந்தே வந்தவை.

2005இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரியில் மாணவர் விடுதிகளுக்கிடையே இரண்டு வாரப் போட்டி வைத்தார்கள். எந்த விடுதி மின்சாரத்தை அதிகம் மிச்சப்படுத்துகிறது என்பதே போட்டி. விடுதி மாணவர் மின்கட்டணம் கட்டுவதில்லை. ஆகவே காசு மிச்சமாகும் என்ற தூண்டுதல் அங்கே இல்லை. ஆனால் எவ்வளவு செலவாகிறது என்பதை அவர்களுக்குக் காட்டினார்கள். இரண்டு விடுதிகளில் அந்தந்தக் கணத்தின் மின்செலவை உடனுக்குடன் காட்டும் ஏற்பாடு. மற்றவற்றில் வாரத்துக்கு ஒருமுறை மீட்டர் கணக்கு. மொத்தத்தில் 32 சதவீதம் குறைந்தது. உடனுக்குடன் பார்த்த விடுதிகளில் 55 சதவீதம். இரண்டு வார உற்சாகம் ஆண்டு முழுதும் நிற்காது என்பது உண்மைதான். என்றாலும் கண்ணுக்குத் தெரியாததைக் கண்ணுக்குக் காட்டியதும் பாதிக்கு மேல் குறைக்க முடிந்தது என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அக்கம்பக்கத்தாரின் வலிமையும் நாம் நினைப்பதைவிடப் பெரிது. கலிஃபோர்னியாவின் சான் மார்கோஸ் ஊரில் வீடுகளின் கதவுகளில் அட்டைகளை மாட்டினார்கள். சில அட்டைகள் பூமியைக் காக்கச் சொல்லின. சில வருங்காலச் சந்ததியின் பெயரால் வேண்டின. சில காசு மிச்சம் என்றன. இன்னும் சில, உங்கள் தெருவில் பெரும்பாலோர் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கிறார்கள் என்று மட்டும் தெரிவித்தன. 2008இல் வெளியான அந்த ஆய்வில் அதிகம் குறைத்தவர்கள் கடைசி அட்டையைப் பெற்றவர்கள். ஆனால் அவர்களையே கேட்டபோது, அண்டை வீட்டார் செய்வது தங்களை மிகக் குறைவாகவே பாதித்தது என்றார்கள். அதனால்தான் ‘எது உங்களைத் தூண்டும்?’ என்று மாணவர்களைக் கேட்டு வாங்கும் பதிலை மட்டும் நம்பித் திட்டம் தீட்டக் கூடாது. அதே ஊரில் முந்தைய ஆய்வு ஒன்று இன்னோர் எச்சரிக்கையும் தந்தது. சராசரி இவ்வளவு என்று சொன்னதும், அதைவிடக் குறைவாகச் செலவழித்துக்கொண்டிருந்த வீடுகள் தங்கள் செலவைக் கூட்டிக்கொண்டன. அவர்களுக்குப் பாராட்டாக ஒரு சிரித்த முகத்தை வரைந்து அனுப்பியபோது அந்தச் சறுக்கல் நின்றது. எனவே ‘எங்கள் கல்லூரியில் யாருமே சிஸ்டத்தை அணைப்பதில்லை’ என்று அறிவிப்புப் பலகையில் எழுதுவது, அணைத்துக்கொண்டிருந்தவரையும் நிறுத்திவிடும்.

எல்லாவற்றிலும் வலிமையானது ஸ்வீடனிலிருந்து வந்த சான்று. ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் தாளின் இருபுறமும் அச்சிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். எந்த மாற்றமும் இல்லை. பிறகு அச்சு இயந்திரங்களின் இயல்பு அமைப்பை, யாரிடமும் எதுவும் வேண்டாமல், ஒருபுறத்திலிருந்து இருபுறமாக மாற்றினார்கள். தாள் செலவு 15 சதவீதம் உடனே குறைந்தது. ஒருபுறம் அச்சிட விரும்பியவர் ஒரு சொடுக்கில் மாற்றிக்கொள்ள வழி இருந்தது, பெரும்பாலோர் மாற்றவில்லை. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் இதையே செய்து மூன்றாண்டில் 5 கோடித் தாளுக்கு மேல் மிச்சப்படுத்தியது.

மாணவர்களிடம் மனம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பதை நிறுத்தலாம் என்று நான் சொல்வது இதனால்தான். மனம் இருக்கிறது. லேப் கணினியின் அட்மின் பாஸ்வேர்டு அவர்களிடம் இல்லை. கல்லூரி வாங்கும் கணினியில் பேட்டரியைக் கழற்ற முடியுமா, நினைவகத்தைக் கூட்ட முடியுமா என்று தீர்மானிக்கும் இருக்கையும் அவர்களுக்கு இல்லை.

தமிழ்நாட்டில் இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் லட்சக்கணக்கான கணினிகள் மாணவர் கைக்குப் போயின. பல கிராமத்து வீடுகளில் அதுவே முதல் கணினி. 2025-26 நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் மடிக்கணினியோ டேப்லெட்டோ வழங்கப்படும் என்று அரசு அறிவித்தது. அத்தனை பேர் கைக்கும் கணினி போவதை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். அவையெல்லாம் மடிக்கணினிகளாக இருந்தால், கருவிக்கு 250 கிலோ வீதம் உற்பத்திக் கடன் மட்டும் 5 லட்சம் டன். நான்காண்டில் பழுதாகி மூலையில் கிடந்தால் ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சம் டன்; எட்டாண்டு உழைத்தால் அதில் பாதி. கருவிகளை ஒப்படைக்கும் முன்பே பத்து நிமிடத்தில் உறங்கும்படி அமைத்துவிட்டு, அதனால் ஒரு கணினி நாளுக்கு 2 மணி நேரம் வீணாக விழித்திருப்பது குறைந்தால், 8 வாட் வீதம் 20 லட்சம் கணினிகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு கோடி யூனிட். இவ்வளவும் டெண்டர் ஆவணத்தில் இரண்டு மூன்று வரிகளில் அடங்கும்: உறக்க அமைப்பு இயல்பாகவே இருக்க வேண்டும், பேட்டரி, நினைவகம், வட்டு மூன்றையும் எளிதில் மாற்ற முடிய வேண்டும், உதிரிபாகம் எட்டாண்டு கிடைக்க வேண்டும்.

பழுது பார்க்கும் கைகளுக்கும் நம்மிடம் பஞ்சமில்லை. சென்னை ரிச்சி தெருவில் பேட்டரி மாற்றி, சுழலும் வட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, நினைவகத்தைக் கூட்டிப் பழைய மடிக்கணினியைப் புதிதுபோல் ஓடவைப்பவர்கள் இருக்கிறார்கள். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. மின்கழிவுக்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்று சொல்லும் விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன.

மாணவர்களே, உங்கள் மடிக்கணினி மெதுவாகிவிட்டால் புதியதன் விலையை விசாரிக்கும் முன், பேட்டரிக்கும் எஸ்எஸ்டிக்கும் என்ன ஆகும் என்று ஒரு கடையில் கேளுங்கள். கல்லூரி முதல்வருக்கும் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவுக்கும் எழுதுங்கள்: விடுமுறை முடிந்து ஜூனில் வகுப்பு தொடங்கும் முன் எல்லா லேப்களிலும் உறக்க அமைப்பை இயக்குங்கள், எல்லா அச்சு இயந்திரங்களையும் இருபுறத்துக்கு மாற்றுங்கள், அடுத்த கொள்முதலில் எட்டாண்டு உதிரிபாகம் கேளுங்கள் என்று. ஒரு சிஸ்டம் அட்மின் முதல் இரண்டையும் ஒரே நாளில் செய்து முடித்துவிட முடியும்.